வெளிச்சம் கெட்டிப்படும் நேரம்: ஆஷ்லாந்தில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன்

இரவு பத்தரை மணி. விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தம்பி பேட்டரிகளை வரிசையாக சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

ஓரிகன் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில், கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் ஆஷ்லாந்து. மொத்தமே இருபதாயிரம் சொச்சம் பேர். இவ்வளவு சின்ன ஊரில் மூன்று அரங்குகளை வைத்துக்கொண்டு, ஓரிகன் ஷேக்ஸ்பியர் திருவிழா என்ற பெயரில், வசந்தம் தொடங்கி அக்டோபர் வரை நாடகம் போடுகிறார்கள். ஷேக்ஸ்பியர்தான் ஆணிவேர், கூடவே மற்றவர்களின் நாடகங்களும் உண்டு. ஒரே நடிகர் குழு பல நாடகங்களை மாற்றி மாற்றி நடிக்கிறது. மதியம் ராஜாவாக வந்தவர் ராத்திரி காவல்காரராக வரலாம். மதிய ஆட்டம் முடிந்ததும் மேடையைக் கலைத்து, இரவு ஆட்டத்துக்கு வேறு மேடை கட்டுகிறார்கள்.

மதுரையில் கல்லூரியில் படித்தபோது எனக்கு ஷேக்ஸ்பியர் பாடம். பேராசிரியர் வாசிப்பார், நாங்கள் பென்சிலால் அடிக்கோடு போடுவோம். மேடையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஊருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது, இப்போதுதான் வாய்த்தது. தம்பிக்கு நாடகம் பழக்கமில்லை, கேமரா பழக்கம். போன வருடம் அவனுடைய பழைய நிக்கானை எனக்குக் கொடுத்தான். அதனால் இந்தப் பயணத்துக்கு ஓர் ஏற்பாடு: வழியெல்லாம் நான் கதை சொல்ல வேண்டும், அவன் எனக்குப் படமெடுக்கச் சொல்லித்தர வேண்டும்.

லேபர் டே நீண்ட விடுமுறைக் கூட்டத்துக்கு முந்திக்கொள்ளக் காலை ஐந்தரைக்கே கிளம்பினோம். சுமார் 350 மைல். ரெட்டிங் ஊரில் நிறுத்தி சன்டயல் பாலத்தில் நடந்தோம். சான்டியாகோ காலத்ராவா வடிவமைத்து 2004-ல் திறந்த பாலம். நடைதளத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். ஓரமாகச் சாய்ந்து நிற்கிற வெள்ளைத் தூணின் நிழலே கடிகார முள். ஆனால் அந்த நிழல் மிகச் சரியாக மணி காட்டுவது வருடத்தில் ஒரே நாள், ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலன்று. காலை ஒன்பதரைக்கே வெயில் கொளுத்தியது. வெள்ளைப் பாலம், வெளிறிய வானம். நான் எடுத்த எல்லாப் படத்திலும் பாலம் அழுக்குச் சாம்பலாக வந்தது. "கேமராவுக்கு வெள்ளைன்னு தெரியாதுக்கா. எல்லாத்தையும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பாக்கும். நீதான் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, ஏத்தி வைக்கணும்" என்றான். ஏற்றியதும் பாலம் வெள்ளையானது.

அதற்கப்புறம் வழி நெடுக ஷாஸ்தா மலை. 14,179 அடி, தனியாக எழுந்து நிற்கிற எரிமலை. ஆகஸ்ட் கடைசியானதால் பனி உச்சியில் மட்டும் திட்டுத் திட்டாக இருந்தது. எல்லையைத் தாண்டினால் சிஸ்கியூ கணவாய், இந்த நெடுஞ்சாலையிலேயே மிக உயரமான இடம். அங்கிருந்து சரசரவென்று இறங்கினால் ஆஷ்லாந்து.

சாயங்காலம் ஊர்ச் சதுக்கத்தில் இருக்கிற குடிநீர் ஊற்றில் லித்தியா தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். லித்தியம் கலந்த கனிம நீர். உப்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு நெடி. ஒரு வாய் போதும்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறே முக்காலுக்கு லித்தியா பூங்கா. ஓடையை ஒட்டி மலைக்குள் நீண்டுகொண்டே போகிற பூங்கா இது, ஏறக்குறைய நூறு ஏக்கர். சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவை வளர்த்தெடுத்த ஜான் மெக்லாரன்தான் இதையும் வடிவமைத்தவர். பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் வர நேரமாகிறது. ஓடைத் தண்ணீரை எடுக்க இந்த நிழல்தான் வேண்டும் என்றான் தம்பி. முக்காலியைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, ஷட்டரை அரை விநாடிக்கு வைத்தோம். "ரொம்ப நேரம் திறந்து வைச்சா பால் ஊத்தின மாதிரி ஆயிடும். தண்ணி ஓடற கோடு தெரியணும்." மேப்பிள் இலை ஒன்று பாறையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. அது ஒரு நொடி அசையாமல் இருக்கட்டும் என்று இருபது நிமிடம் காத்திருந்தேன்.

எடுத்ததெல்லாம் மணல் தூவியதுபோல வந்தது. கேமரா எவ்வளவு மங்கலான வெளிச்சத்தையும் பிடிக்கும் என்பதற்கான எண், ஐஎஸ்ஓ, 3200-ல் நின்றிருந்தது. நேற்று இரவு தெருவிளக்கில் எடுத்துப் பார்த்தபோது வைத்தது, மாற்ற மறந்துவிட்டேன். அந்த இலை அதற்குள் போய்விட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. இனி கேமராவைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

பூங்காவிலிருந்து மேட்டில் ஏறினால் அரங்குகள். திறந்தவெளி அரங்கைச் சுற்றி, கொடி படர்ந்த பழைய வட்டச் சுவர் ஒன்று நிற்கிறது. இந்தத் திருவிழா பிறந்ததே இந்தச் சுவரால்தான். 1893-ல் ஊர் மக்கள் இங்கே ஷட்டாக்வா என்ற சொற்பொழிவு, இசைக் கூடத்தைக் கட்டினார்கள். பிறகு அந்தப் பழக்கம் அருகி, 1933-ல் சிதிலமடைந்த கூரையைப் பிரித்துவிட்டார்கள். சுவர் மட்டும் மிஞ்சியது. ஆங்கஸ் போமர் என்ற இளம் ஆசிரியர் அதைப் பார்த்தார். கூரையில்லாத அந்த வட்டம் எலிசபெத் காலத்து நாடகக் கொட்டகையின் ஓவியம்போல அவருக்குத் தெரிந்தது. 1935 ஜூலை சுதந்திர தின விழாவில் இரண்டு நாடகம் போடட்டுமா என்று ஊராரைக் கேட்டார். பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த காலம். அதிகபட்சம் 400 டாலர் தருகிறோம், ஆனால் நாடகத்தில் நஷ்டம் வரும், அதை ஈடுகட்ட அதே மேடையில் பகலில் குத்துச்சண்டை நடத்துகிறோம் என்றார்கள். போமர் ஒப்புக்கொண்டார். கடைசியில் நஷ்டமானது குத்துச்சண்டை. அந்த நஷ்டத்தை ஈடுகட்டியது ஷேக்ஸ்பியர். இந்தக் கதையைச் சொன்னதும் தம்பி சுவருக்குத் திரும்பிப் போய் இன்னும் நாலு படம் எடுத்தான்.

மதியம் போமர் பெயரிலேயே உள்ள உள்ளரங்கில் 'மெக்பெத்'. 1970-ல் திறந்த அரங்கு, சுமார் 600 இருக்கை. ஆட்டம் நடக்கும்போது படமெடுக்கக் கூடாது. கேமராக்களை விடுதியிலேயே வைத்துவிட்டுப் போனோம். கை வெறுமையாக இருந்ததால் காது தீட்டிக்கொண்டதோ என்னவோ, இருபது வருடத்துக்கு முன் அடிக்கோடு போட்ட வரிகள் இன்று வேறு மாதிரி கேட்டன. நாடகம் முழுக்க வெளிச்சத்தைப் பற்றியே பேசுகிறார்கள்! "நட்சத்திரங்களே, உங்கள் நெருப்பை மறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறான் மெக்பெத், தன் ராஜாவைக் கொல்லும் எண்ணம் மனதில் நுழைந்தவுடன். அவன் மனைவி தடித்த இருளைக் கூவி அழைக்கிறாள். கொலை நடக்கப்போகிற ராத்திரி மெக்பெத்தின் நண்பன் பாங்க்வோ அண்ணாந்து பார்த்து, வானத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள் என்கிறான்.

லண்டன் குளோப் அரங்கில் இது நடந்தது பட்டப்பகலில், கூரையில்லாத முற்றத்தில். 1611-ல் சைமன் ஃபோர்மன் என்ற ஜோசியக்காரர் அங்கே 'மெக்பெத்' பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். மேலே மதிய வெயில் இருக்கும்போது மேடையில் நள்ளிரவு. அணைக்க விளக்கே கிடையாது. பேச்சாலேயே இருட்டைக் கொண்டுவர வேண்டியிருந்தது, ஷேக்ஸ்பியர் கொண்டுவந்தார். இன்று ஒளியமைப்பாளருக்கு எல்லாக் கருவியும் இருக்கிறது. இருந்தும் என் முதுகைச் சிலிர்க்க வைத்தவை சொற்கள்தான்.

பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தை 'மகபதி' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவர். நம் ஊர் மேடையில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இந்த இருட்டு எப்படி வந்திருக்கும் என்று இடைவேளை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பகுதியில் மெக்பெத்தின் மனைவி தூக்கத்தில் நடந்து வருகிறாள், கையில் மெழுகுவர்த்தி. எப்போதும் பக்கத்தில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை என்கிறாள் பணிப்பெண். இருட்டே வா என்று அழைத்தவள்! வகுப்பில் இதைக் கவனித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

சாயங்காலம் ஏழே முக்காலுக்குச் சூரியன் மலைக்குப் பின்னால் போயிற்று. மெயின் தெருவில், 1925-ல் கட்டிய ஒன்பது மாடி ஹோட்டலுக்கு எதிரே முக்காலி போட்டு நின்றோம். "இப்ப எடுக்காதே. வானம் இன்னும் வெளுப்பா இருக்கு" என்றான். பத்து நிமிடம் ஆனது. வானத்து நீலமும் ஜன்னல் மஞ்சளும் ஒரே அளவுக்கு வருகிற நேரம் ஒன்று இருக்கிறது. எட்டு நிமிடமோ பத்து நிமிடமோதான். அப்போது எனக்கு மதியம் கேட்ட வரி ஞாபகம் வந்தது: "வெளிச்சம் கெட்டிப்படுகிறது, காகம் காட்டை நோக்கிச் சிறகடிக்கிறது." பாங்க்வோவைக் கொல்ல ஆளனுப்பிவிட்டு மெக்பெத் சொல்வது. அந்த வார்த்தையைத் தம்பியிடம் சொன்னேன். பால் சுண்டுவதுபோல வெளிச்சம் கெட்டியாவது எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது. "இதைவிடக் கரெக்டா யாரும் சொல்ல முடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு ஷட்டரை அழுத்தினான்.

மூன்றாம் நாள், சனி

பகலில் அதிகம் செய்யவில்லை. நல்ல வெயில். இந்த ஊரில் மான்கள் வீட்டுத் தோட்டங்களில் சாவகாசமாக மேய்கின்றன. ஒரு தாயும் இரண்டு குட்டிகளும் குறுக்குத் தெருவைக் கடந்ததை எடுத்தேன். ஒன்று தேறியது.

இந்தப் பக்கம் கோடையில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை, காட்டுத்தீப் புகை. 2018-ல் புகையால் திறந்தவெளி ஆட்டங்கள் நிறைய ரத்தாயின. 2020 செப்டம்பரில் இந்த ஊரின் வடகோடியில் பிடித்த தீ, பக்கத்து டேலன்ட், ஃபீனிக்ஸ் ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்துவிட்டது. விடுதியில் காலை உணவு பரிமாறிய அம்மா, மேகமா புகையா என்று தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார். இன்று வானம் தெளிவாக இருந்தது. அவருக்கும் சந்தோஷம்.

அரங்குகளுக்கு நடுவே செங்கல் பாவிய முற்றம். 'தி பிரிக்ஸ்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இரவு ஆட்டத்துக்கு முன் அங்கே கிரீன் ஷோ என்ற இலவச நிகழ்ச்சி. புல்லில் போர்வை விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுவிட்டுச் சில முகங்களை எடுத்தேன், 50 எம்எம் லென்ஸில். எண்பது வயதிருக்கும் ஒரு தம்பதி, நாற்பது வருடமாக வருகிறார்களாம். அந்தப் பாட்டி கேமராவைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தபோது அழுத்தினேன்.

அப்புறம் திறந்தவெளி அரங்கு. சுமார் 1200 இருக்கை, எதிரே மரச்சட்டங்களும் மாடமும் கொண்ட எலிசபெத் காலத்து முகப்பு. எக்காளம் ஊதி, மேலே கொடியேற்றி ஆட்டத்தைத் தொடங்குவது இங்கே வழக்கம். தலைக்கு மேல் இன்னும் நீலம் மிச்சமிருந்தது. நடக்க நடக்க நட்சத்திரம் ஒவ்வொன்றாக வந்தது. ஊரில் தெருக்கூத்துக்குத் தாத்தா தோளில் உட்கார்ந்து போனது நினைவுக்கு வந்தது, அந்த வானத்தால்.

நாடகம் 'மச் அடோ அபௌட் நத்திங்'. பியாட்ரிஸும் பெனடிக்கும் பார்த்தால் சண்டை, பார்க்காவிட்டால் தேடல். நண்பர்கள் சேர்ந்து, அவன் ஒளிந்து கேட்கும்படியாக, அவள் உன்மேல் உயிராக இருக்கிறாள் என்று பேசிவைக்கிறார்கள். அவளுக்கும் அதே வைத்தியம். தம்பி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்னொரு ஜோடி இருக்கிறது, கிளாடியோவும் ஹீரோவும். ஹீரோ என்பது பெண்ணின் பெயர். கல்யாணத்துக்கு முந்தின இரவு டான் ஜான் என்ற கெட்டவன் கிளாடியோவைக் கூட்டிப்போய், தூரத்தில் ஒரு ஜன்னலைக் காட்டுகிறான். அங்கே ஒரு பெண் வேறொருவனோடு பேசுகிறாள். அவள் ஹீரோவின் பணிப்பெண் மார்கரெட். இருட்டில், தூரத்திலிருந்து, முன்கூட்டியே சந்தேகம் ஏற்றிய மனதோடு பார்த்தவனுக்கு அவள் ஹீரோவாகத் தெரிகிறாள். மறுநாள் மணமேடையில் ஊர் கூடியிருக்க அவளை அசிங்கப்படுத்துகிறான். பெற்ற அப்பாவே மகள் செத்தால் தேவலை என்கிறார். 'நத்திங்' என்ற சொல் அந்தக் காலத்து உச்சரிப்பில் 'நோட்டிங்', அதாவது கவனித்தல் என்பதுபோல ஒலித்ததாம். எங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இன்று அது எனக்கு உறைத்தது. இந்த நாடகத்தில் எல்லோரும் ஒளிந்து பார்க்கிறார்கள், ஒளிந்து கேட்கிறார்கள். ஒரு தடவை காதல் வருகிறது, ஒரு தடவை ஒரு பெண்ணின் வாழ்க்கை போகப்பார்க்கிறது. கிளாடியோ பார்த்தது பொய்யில்லை, ஜன்னலில் ஒரு பெண் இருந்தாள். அவன் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கேமரா பிடிக்கிற யாருக்கும் இது பயம் தரவேண்டிய காட்சி என்று நினைக்கிறேன்.

கலைந்த கல்யாணத்துக்குப் பிறகு பெனடிக் தன் காதலைச் சொல்கிறான். உனக்காக என்ன செய்யட்டும், சொல் என்கிறான். "கிளாடியோவைக் கொல்" என்கிறாள் பியாட்ரிஸ். எங்களுக்குப் பின்வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள், சிரிப்புப் பழக்கத்தில். பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்கப்புறம் 1200 பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. அந்த மௌனத்தை நான் எதைக் கொண்டும் படமெடுக்க முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிந்து வரும்போது குளிர். வாடகைப் போர்வையைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன்.

நான்காம் நாள், ஞாயிறு

கிரேட்டர் ஏரி. இரண்டு மணி நேர ஓட்டம். வழியில் ஹக்கிள்பெர்ரி பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிட்டோம். களாக்காய் பழுத்தால் வருகிற புளிப்புக்குக் கிட்டத்தில் இருந்தது.

ஏறக்குறைய 7,700 வருடத்துக்கு முன் மசாமா என்ற எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து, அந்தக் குழியில் மழையும் பனியும் தேங்கி உண்டான ஏரி. ஆறு எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. ஆழம் 1,943 அடி, அமெரிக்காவிலேயே ஆழமானது. கிளமாத் பழங்குடி மக்கள் இந்த வெடிப்பைப் பாதாள உலகத் தலைவன் லாவோவுக்கும் வானுலகத் தலைவன் ஸ்கெல்லுக்கும் நடந்த சண்டையாக, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள்.

நீலத்தைப் பற்றி என்ன எழுதுவது? முதல் பார்வையில் தம்பி பேசவே இல்லை. சேறு, வண்டல் எதுவும் கலக்காத தண்ணீர், வெளிச்சத்தின் சிவப்பையெல்லாம் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. போலரைசர் என்ற வடிகட்டியை லென்ஸில் போட்டுத் திருகினால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி நிறம் இன்னும் இறங்குகிறது. அகல லென்ஸில் அதை முழுக்கத் திருகினால் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுக்கும், பாதி போதும் என்பது இன்றைய பாடம்.

மாலையில் வாட்ச்மேன் சிகரம் ஏறினோம். எட்டாயிரம் அடி, மூச்சு வாங்கியது. மேற்குக் கரை என்பதால் சூரியன் முதுகுப் பக்கம். எல்லோரும் சூரியனைப் பார்த்து நின்றார்கள். தம்பி என்னைத் தோளைப் பிடித்து ஏரிப்பக்கம் திருப்பினான். நாங்கள் நின்ற மலையின் நிழல் ஏரிக்குள் இருக்கிற விசார்டு தீவை மூடி, தண்ணீர்மேல் நகர்ந்து, எதிர்க்கரையில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியாகக் கிழக்கு விளிம்பு மட்டும் செம்பு நிறத்தில் ஒரு கோடாக எரிந்து அணைந்தது. பத்து படம்தான் எடுத்தேன். மீதி நேரம் பார்த்தேன்.

அமாவாசையை ஒட்டிய நாள். வடக்கு விளிம்புக்குப் போய் ஒன்பதரை வரை வண்டியில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்தோம். பிறகு இறங்கினால் பால்வெளி, ஏரிக்கு மேல் தென்மேற்கில் செங்குத்தாக. 20 எம்எம் லென்ஸ், 15 விநாடி, இந்த முறை வேண்டுமென்றே ஐஎஸ்ஓ 3200. இருட்டில் ஃபோகஸ் பிடிக்க, திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி அது சின்னப் புள்ளியாகும்வரை வளையத்தைத் திருக வேண்டும். விரல் விறைத்துவிட்டது. "நட்சத்திரங்களே, நெருப்பை மறைத்துக்கொள்ளுங்கள்" என்று மெக்பெத் ஏன் கெஞ்சினான் என்பது இந்த மாதிரி வானத்தின் கீழ் நின்றால் தெரிகிறது. இவ்வளவு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் கத்தியை எடுக்கத் தைரியம் வரும்?

இரண்டு மணிக்கு அறை. மான் குறுக்கே வரும் என்று தம்பி வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினான்.

ஐந்தாம் நாள், திங்கள்

திரும்பும் பயணம். திங்கட்கிழமை அரங்குகளுக்கு விடுமுறை, முற்றம் காலியாக இருந்தது. கொடிச் சுவரில் காலை வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிந்தது. ஐஎஸ்ஓவைப் பார்த்தேன், 100. எடுத்தேன்.

எல்லை தாண்டி ஷாஸ்தா தெரிகிற ஓய்விடத்தில் நிறுத்தி, இட்லிப்பொடி தடவிய கடைசி இட்லிகளைச் சாப்பிட்டோம். மதுரையில் அப்போது இரவு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டோம். தம்பி ஏரிப் படங்களைக் காட்டினான். நல்லாருக்குப்பா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டீங்களா என்றாள். அப்புறம் சனிக்கிழமை ராத்திரியே நான் வாட்ஸாப்பில் பேசி அனுப்பியிருந்த கதையைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா? நீ பாதில விட்டுட்ட."

செத்துவிட்டாள் என்று ஊரை நம்ப வைக்கிறார்கள். உண்மை வெளிவந்து கிளாடியோ அழுகிறான். அண்ணன் மகள் ஒருத்தி இருக்கிறாள், முகம் பார்க்காமலே அவளைக் கட்டிக்கொள் என்கிறார் ஹீரோவின் அப்பா. சரி என்கிறான். முகத்தை மூடிக்கொண்டு வருகிறாள், கை பிடிக்கிறான், விலக்கினால் ஹீரோ.

"மன்னிச்சுட்டாளா?"

"ஆமாம்மா. கல்யாணம் நடந்துடும். எல்லாரும் ஆடுவாங்க."

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் சமையலறையில் குக்கர் விசில் கேட்டது.

"நானா இருந்தா அந்த முக்காட்டை எடுத்திருக்கவே மாட்டேன்" என்றாள்.